‘அவர்’ காப்பாற்றும், ‘கூறப்படுகிறது’ காப்பாற்றாது

கேள்வி:

மதுரைக்கு அருகே அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறை மாதம் ஒரு முறை எட்டுப் பக்க மாணவர் இதழ் கொண்டுவருகிறது. 600 பிரதி அச்சாகும், பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் போகும். நான்தான் மாணவ ஆசிரியர்.

சென்ற இதழில் விடுதி மெஸ் பற்றி எழுதினோம். காப்பாளர் போனில் சொன்னதை, ‘அரிசி வந்தா போடுறோம், வரலன்னா நா என்ன பண்றது?’ என்று அப்படியே போட்டோம். முதல்வர் ஆங்கிலத்தில், ‘வி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ், த மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு’ என்றார். அதை, ‘மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், உடனடியாக நடவடிக்கை எடுப்போம்’ என்று தமிழில் போட்டோம். ‘என்னைப் படிக்காதவன் மாதிரி காட்டிவிட்டீர்கள்’ என்கிறார் காப்பாளர். ‘நான் எப்போது மன்னிப்புக் கேட்டேன்?’ என்கிறார் முதல்வர்.

இந்த மாதம் இன்னொரு பிரச்சினை. ஓர் உதவிப் பேராசிரியர் மேல் ஒரு மாணவி, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் புகார் கொடுத்திருக்கிறார். அவருடைய தோழிகள் எங்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டுகள் அனுப்பியிருக்கிறார்கள். இருவர் பெயரையும் விட்டுவிட்டு, துறை, இரண்டாம் ஆண்டு, கல்விச் சுற்றுலாவில் நடந்தது என்று மட்டும் எழுதினால் போதுமா? ‘பாதிக்கப்பட்ட மாணவி’, ‘பாலியல் தொல்லை’, ‘கூறப்படுகிறது’ இவற்றில் எதைப் போடலாம்? அச்சுக்குப் போகும் முன் முழு இதழையும் காட்டச் சொல்கிறார் துறைத்தலைவர். காட்டலாமா?

பதில்:

புகாரிலிருந்து தொடங்குகிறேன். மெஸ் செய்தியில் செய்த தவறைத் திருத்திவிடலாம். இதில் தவறினால் திருத்த வழி கிடையாது.

நீங்கள் நினைத்திருக்கும் வடிவில் அதைப் போடாதீர்கள். பெயரை எடுத்தால் அடையாளம் போய்விடும் என்பது மாநிலம் முழுக்கப் போகும் நாளிதழுக்கே பாதிதான் உண்மை. ஒரே வளாகத்துக்குள் சுற்றும் இதழுக்கு அது சுத்தமாகப் பொருந்தாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் 3,000 பேர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ‘மாணவி’ என்றதும் 1,600 பேர். ‘இரண்டாம் ஆண்டு’ என்றதும் 500. துறையைச் சொன்னால் 35. கல்விச் சுற்றுலாவுக்குப் போனவர்கள் 18. அதன்பின் வகுப்புக்குச் சரியாக வராதவர் யார் என்பது அந்த 18 பேருக்கும் தெரியும். ஒவ்வொரு விவரமும் தனியாகப் பார்த்தால் சாதுவானதுதான். வரிசையாக அடுக்கினால் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். காப்பியின், அதாவது எழுதி வைத்திருக்கும் செய்தியின், ஓரத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே இந்த எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். நூறுக்குக் கீழே இறங்கும் இடத்தில் நின்று, அந்த விவரத்தையோ அதற்கு முந்தியதையோ வெட்டுங்கள். உங்கள் காப்பியில் மூன்றாவது விவரத்திலேயே 35-க்கு வந்துவிட்டீர்கள்.

சட்டமும் பெயரோடு நிற்கவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் 16-ஆம் பிரிவைப் படியுங்கள். கல்வி நிறுவனமும் அந்தச் சட்டப்படி பணியிடமே. புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவரின் அடையாளம், எதிர்மனுதாரரின் (புகாருக்கு உள்ளானவரின்) அடையாளம், சாட்சிகளின் அடையாளம், சமரச, விசாரணை நடவடிக்கைகள், குழுவின் பரிந்துரை, நிர்வாகம் எடுத்த நடவடிக்கை ஆகிய எதையும் பொதுமக்களுக்கோ பத்திரிகைக்கோ எந்த வகையிலும் வெளியிடக் கூடாது என்கிறது. எதிர்மனுதாரரும் இந்தப் பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘அந்தப் பேராசிரியர் பெயரைப் போடலாம், மாணவி பெயரைத்தான் போடக் கூடாது’ என்ற பேச்சு உங்கள் அறையிலும் நடந்திருக்கும். இந்தப் பிரிவின்படி அது தவறு. நீதி கிடைத்தது என்ற தகவலை மட்டும், புகார் கொடுத்தவரின் அடையாளமும் சாட்சிகளின் அடையாளமும் தெரியாமல் சொல்ல அதே பிரிவில் இடம் உண்டு.

விஷயம் போலீசுக்குப் போனால் வேறு விதிகள் வரும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 64 முதல் 71 வரையுள்ள பிரிவுகளில் வரும் வன்புணர்வுக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிட்டால், 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும். வயதுவந்தவர் தானே எழுத்துமூலம் அனுமதி கொடுத்தால் அது விலக்கு. வாய்ச் சம்மதம் போதாது. எல்லாவற்றுக்கும் முன் அவருடைய வயதைக் கேளுங்கள். இளங்கலை முதலாம் ஆண்டில் 17 வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 18 முடியவில்லை என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு வரும். பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், படிக்கும் இடம், அக்கம்பக்கம் எதையும் போடக் கூடாது. அந்த அனுமதியைச் சிறப்பு நீதிமன்றம்தான் தர முடியும். அவரோ அவர் அம்மாவோ சரி என்று சொன்னாலும் செல்லாது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓர் ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுதியவரோடு வெளியீட்டாளரும் சேர்ந்தே பொறுப்பு.

அனுபவமுள்ள அரசு இயந்திரமே இதில் சறுக்கியிருக்கிறது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்தவரின் பெயரும் கல்லூரியும் அச்சாகிவிட்டன. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்துக்கு வந்துவிட்டது. அங்கும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு. அந்த உத்தரவில் சென்னை உயர் நீதிமன்றம் கசிவை மட்டும் கண்டிக்கவில்லை. புகார் கொடுத்தவர் மேலேயே பழி விழும்படி அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த மொழியையும் கண்டித்தது. சொல் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட உள்ளூர்ச் சான்று வேண்டாம்.

இனி ஸ்கிரீன்ஷாட்டுகள். அவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு துப்பு, அவ்வளவுதான். தொடர்புப் பெயரை மாற்றி வைத்து எடுத்தாலே யார் பேசியது போலவும் படம் காட்டலாம். நடுவில் இரண்டு செய்திகளை அழித்தால் உரையாடலின் பொருளே தலைகீழாகும். சம்பந்தப்பட்டவரின் போனிலேயே, அவர் முன்னிலையில், முதல் செய்தியிலிருந்து நகர்த்திப் பாருங்கள். பெயரைத் தட்டி உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். தேதி மாறும் இடங்களையும், அழிக்கப்பட்ட செய்தி என்று காட்டும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வந்தவற்றை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம், ஆசிரியர் குழுவின் வாட்ஸ்அப் குழுவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கின் டிரைவில் போட்டு வைக்காதீர்கள். அந்தக் கணக்கின் சாவி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

தோழிகளிடம், ‘உங்கள் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது’ என்று வாக்குக் கொடுத்திருந்தால், கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள். இந்தியாவில் செய்தியாளரின் தகவல் மூலத்தைக் காக்கத் தனிச் சட்டம் இல்லை. பத்திரிகை மன்றச் சட்டம் 1978-இன் 15(2) பிரிவு, அந்த மன்றம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று மட்டுமே சொல்கிறது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. ‘நாங்களாக அச்சிலோ பேச்சிலோ சொல்ல மாட்டோம்’ என்பதுதான் நீங்கள் தரக்கூடிய வாக்கு.

இதில் எனக்கு முதலில் உறுத்தியது வேறு. புகார் கொடுத்தவர் உங்களிடம் வரவே இல்லை. தோழிகள்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம். ஆனாலும் அவருக்காகச் சம்மதம் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவருக்கு இது தெரியுமா என்று விசாரித்து, அவர் விரும்பினால் மட்டும் பேசுங்கள். பேசும்போது பி.டி.எஃப். எங்கெல்லாம் போகும், அது திரும்ப வராது, ஊரில் அத்தை பெண் கையிலும் கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். சம்மதத்தை மூன்று தடவை கேட்க வேண்டும்: பேட்டி தொடங்கும்போது, எழுதியதில் அவர் சொன்ன பகுதிகளைப் படித்துக் காட்டும்போது, பக்கம் அச்சுக்குப் போகும் முன். மூன்றாவது தடவை ‘வேண்டாம்’ என்றால் எடுத்துவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

அப்படியானால் செய்தியே கிடையாதா என்று கேட்பீர்கள். உங்கள் கையில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, அதற்குப் புகார் கொடுத்தவரின் நிழல்கூடத் தேவையில்லை. உள்ளகப் புகார்க் குழு எப்படி அமைய வேண்டும் என்பதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 ஒழுங்குமுறைகள் வரி வரியாகச் சொல்கின்றன. தலைமை ஏற்பவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அலுவலகப் பணியாளர்கள், வெளி அமைப்பிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளங்கலை, முதுகலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவப் பிரதிநிதிகள், அதுவும் வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கவே கூடாது. உங்கள் கல்லூரிக் குழுவின் பெயர்ப் பட்டியலை எடுத்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துறைத்தலைவர் யாராவது அதில் உட்கார்ந்திருக்கிறாரா? மாணவப் பிரதிநிதிக்குத் தேர்தல் எப்போது நடந்தது? குழு அமைத்த ஆணை கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது 2013 சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அறிவிப்புப் பலகைகளைப் படம் எடுங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும் என்பதும், ஆண்டறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, 90 நாளைத் தாண்டி நிற்பவை எத்தனை என்ற எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பதும் விதி. அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் எண்ணிக்கையைக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். குறிப்பிட்ட புகாரின் விவரத்தைக் கேட்டால் அதே 16-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள், மறுப்பதும் சரியே. ஒரு எச்சரிக்கை: இந்த ஆண்டு வந்த புகார் ஒன்றே ஒன்று என்றால் அந்த எண்ணும் ஆளைக் காட்டும். மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகையாகப் போடுங்கள்.

சொற்களுக்கு வருவோம். விசாரணை முடியாத கட்டத்தில் ‘பாதிக்கப்பட்ட மாணவி’ என்றால் தீர்ப்பை நீங்கள் எழுதிவிட்டீர்கள். சட்டத்தின் வாசகத்தில் ‘பாதிக்கப்பட்ட பெண்’ உண்டு; செய்தியாளருக்கு ‘புகார் கொடுத்தவர்’ போதும். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பது குற்றவியல் வழக்கில் உட்காரும் சொல், குழு விசாரணையில் ‘எதிர்மனுதாரர்’ அல்லது ‘புகாருக்கு உள்ளானவர்’. ‘குற்றவாளி’ தண்டனைத் தீர்ப்புக்குப் பிறகுதான். ‘பாலியல் தொல்லை’ என்ற ஒரே பையில் பகடிப் பேச்சு முதல் வன்புணர்வு வரை எல்லாவற்றையும் போட்டுக் கட்டும் பழக்கம் நம் செய்திகளில் வேரோடிவிட்டது. குழு விவகாரத்துக்குச் சட்டத்தின் பெயரில் இருக்கும் ‘பாலியல் துன்புறுத்தல்’ சரியான சொல். ‘சில்மிஷம்’, ‘சீண்டல்’ இரண்டையும் அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம். முன்பு ‘ஈவ் டீசிங்’ என்று பெயர் வைத்திருந்த தமிழ்நாட்டுச் சட்டமே 2002-இல் பெயரை மாற்றிக்கொண்டது. ‘கற்பழிப்பு’ என்று இன்றும் எழுதுபவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அந்தச் சொல்லில் குற்றம் செய்தவரைக் காணோம், இழந்தவர் மட்டும் இருக்கிறார்.

‘கூறப்படுகிறது’ எந்தச் செய்திக்கும் வேண்டாம். யார் கூறினார் என்று தெரிந்தால் அவரை எழுதுங்கள். தெரியாவிட்டால் செய்தி இன்னும் தயாராகவில்லை. அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறான கூற்றை உண்டாக்குபவரோடு அதை வெளியிடுபவரையும் சேர்த்தே பிடிக்கும். உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். ‘என்பதாகத் தெரிகிறது’, ‘என்கின்றன வட்டாரங்கள்’, ‘வந்தாராம்’ எல்லாம் கூறப்படுகிறதின் தம்பி தங்கைகளே.

மாறாக, தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் உண்மையான கவசம் ‘அவர்’. ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒரு முழுப் பத்தியை நடத்திப் போகலாம். ‘கல்லூரியில் படிக்கும் ஒருவர்’, ‘அவர் சொன்னார்’, ‘மாணவர்’ என்று எழுதினால் உங்கள் 3,000 அப்படியே 3,000-ஆக நிற்கும். மெஸ் பற்றிப் பேசியவர்களுக்கு இதைப் பயன்படுத்துங்கள். பலர் பெயரை மறைத்துவிட்டு ‘மாணவி ஒருவர்’ என்று எழுதிப் பாதி மறைப்பைத் தாமே கிழித்துவிடுகிறார்கள். புனைபெயர் வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் பெயர்கள் மதத்தையும் பல நேரம் ஊரையும் சாதியையும் சேர்த்தே சொல்லும். வைத்த பெயரில் வேறொரு மாணவி அதே துறையில் இருந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

இனி மெஸ். காப்பாளர் சொன்னதை நீங்கள் எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

‘மேற்கோளுக்குள் ஓர் எழுத்தையும் தொடாதே’ என்று ஆங்கிலப் பாடநூல் சொல்லும். பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ் என்றிருக்கும் மொழியில் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் அமைச்சர் முதல் எல்லாரும் பேச்சுத்தமிழில்தான் அச்சாக வேண்டும். எந்த இதழிலும் அப்படி இல்லை. ஆட்சியர் பேசினால் எழுத்துத்தமிழ், ஆட்டோ ஓட்டுநர் பேசினால் ‘இன்னா சார்’. பேச்சுத்தமிழ் யார் வாயில் மட்டும் அச்சாகிறது என்று ஒரு வாரச் செய்திகளை எடுத்து அடிக்கோடு போட்டுப் பாருங்கள்: கிராமத்தார், கூலித் தொழிலாளி, வயதான பெண், துப்புரவுப் பணியாளர். ஆட்சியரும் ‘என்ன பண்றது’ என்றுதான் சொல்லியிருப்பார். உங்கள் செய்தியிலும் முதல்வருக்குச் செந்தமிழ் கிடைத்தது, காப்பாளருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு செய்திக்குள் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். நாள் செய்திக்கு எளிய வழி இது: ஒலியையும் விகுதியையும் எழுத்து வழக்குக்குக் கொண்டுவாருங்கள், சொல்லையும் வரிசையையும் தொடாதீர்கள். வந்தா, வந்தால் ஆகும். போடுறோம், போடுகிறோம். வரலன்னா, வரவில்லை என்றால். பண்றது, பண்ணுவது. ‘அரிசி வந்தால் போடுகிறோம், வரவில்லை என்றால் நான் என்ன பண்ணுவது?’ கோபமும் கையறுநிலையும் அப்படியே இருக்கின்றன, அவரும் முதல்வரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சில பத்திரிகை டெஸ்குகளில் ‘பண்ணு’வுக்கு அனுமதி இல்லை, ‘செய்வது’ என்று மாற்றினாலும் பொருள் கெடாது. ஆனால், ‘அரிசி வழங்கப்பட்டால் மட்டுமே உணவு அளிக்க இயலும் என்றும் தன்னால் செய்வதற்கு ஏதுமில்லை என்றும் விளக்கமளித்தார்’ என்று போனால் அது வேறு ஆள். கேள்வி கேட்டவரைச் சுற்றறிக்கை வாசிக்க வைத்துவிட்டீர்கள்.

சொல்லை மாற்றும்போதுதான் விபத்து. ‘காசு கேட்டாங்க’ என்பது ‘லஞ்சம் கேட்டனர்’ என்று அச்சில் வந்தால் குற்றச்சாட்டை உருவாக்கியவர் நீங்கள். அவர் கேட்டது மெஸ் பாக்கியாகவும் இருக்கலாம். ‘கை வச்சாரு’ அடித்ததா, தொட்டதா, பணத்தை எடுத்ததா? ‘பாத்துக்கிறேன்’ உறுதிமொழியா, மிரட்டலா? ‘கவனித்துக்கொள்கிறேன்’ என்று மாற்றினால் மிரட்டல் மறைந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் போனை வைக்கும் முன் ‘எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட வேண்டும். கேட்க வழியில்லை என்றால் அந்தச் சொல்லை மட்டும் பேச்சு வடிவிலேயே விடுங்கள். செய்தியே அந்தச் சொல்லில் இருக்கும்போது பேச்சுத்தமிழ் நியாயம்.

இதைவிட நுட்பமான பள்ளம் ‘ஆங்க’. பேச்சில் ‘அவங்க சொன்னாங்க’ என்றால் மரியாதையான ஒருவரா, பலரா என்று தெரியாது. எழுதும்போது ‘கேட்டார்’, ‘கேட்டார்கள்’ இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தாக வேண்டும். பன்மையாக எழுதினால் ஒரு குமாஸ்தா செய்த காரியம் அலுவலகம் முழுவதும் சேர்ந்து செய்ததாகிவிடும். ‘ஒருத்தரா, பல பேரா?’ என்ற கேள்வியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆழமான கட்டுரைக்கும் வாய்மொழி வரலாற்றுக்கும் வட்டார வழக்கு அழகு. அங்கே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாருக்கும் வையுங்கள். பெயர் மறைத்தவர் பேச்சில் மட்டும் கூடவே கூடாது. மதுரையில் ‘வந்தாக’ கூட்டத்தில் கரையும். அதே விடுதியில் ‘ஏனுங்க’ என்றோ ‘வந்தாவ’ என்றோ பேசுபவர் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

உங்கள் சொந்த நடையில் விகுதியைப் பாருங்கள். பேராசிரியர் கூறினார், மாணவன் கூறினான், திருடன் சிக்கினான். ‘கைதானான்’ என்ற ஒற்றை ‘ஆன்’ வழக்கு தொடங்கும் முன்பே தண்டனை கொடுக்கிறது. எல்லாருக்கும் ‘ஆர்’ போடுங்கள். ‘ஒப்புக்கொண்டார்’, ‘மழுப்பினார்’, ‘சமாளித்தார்’ மூன்றும் உங்கள் கருத்தைச் சொல்லும் வினைகள். ‘சொன்னார்’ சலிக்கும்தான். சலிக்கட்டும்.

முதல்வர் விஷயத்தில் தவறு முழுக்க உங்களுடையது. அவர் சொன்னது ‘ரிக்ரெட்’. ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சாலைப்பணிப் பலகை தோறும் எழுதியிருக்கிறதே, அதுதான் அது. வருந்துபவர் தவறு தன்னுடையது என்று ஏற்கவில்லை. மன்னிப்புக் கேட்பவர் ஏற்கிறார். நாளை விசாரணை என்று வந்தால் இரண்டுக்கும் எடை வேறு. ‘பீயிங் லுக்ட் இன்டு’வில் யார், எப்போது எதுவும் இல்லை, நீங்கள் ‘உடனடியாக’வையும் ‘நடவடிக்கை’யையும் கையிலிருந்து போட்டிருக்கிறீர்கள். மழுப்பலான ஆங்கிலத்தை மழுப்பலாகவே தமிழில் கொண்டுவர வேண்டும். ‘விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது’ என்று எழுதி, ‘யார் கவனிக்கிறார், எப்போது முடியும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை’ என்று அடுத்த வரி எழுதுங்கள். அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்டிருந்தால்தான். மொழிபெயர்த்த பேச்சை நேர்கூற்றுக் குறிக்குள் வைப்பதைக் கூடுமானவரை தவிர்த்து அயற்கூற்றில் எழுதுங்கள். ‘ஆங்கிலத்தில் கூறினார்’ என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

திருத்தம் இப்படிப் போகலாம்: ‘சென்ற இதழின் விடுதி மெஸ் செய்தியில், முதல்வர் மன்னிப்புக் கேட்டதாகவும் உடனடி நடவடிக்கைக்கு உறுதி அளித்ததாகவும் வெளியிட்டோம். சிரமத்துக்கு வருந்துவதாகவும் விஷயம் கவனிக்கப்பட்டு வருவதாகவுமே அவர் ஆங்கிலத்தில் கூறினார். மொழிபெயர்ப்பில் நேர்ந்த தவறு எங்களுடையது.’ செய்தி வந்த அதே பக்கத்தில், படிக்கும் அளவு எழுத்தில் போடுங்கள். பி.டி.எஃப்.ஐயும் மாற்றி, கோப்பின் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று தேதியோடு சேர்த்து, பழையது போன குழுக்களுக்கெல்லாம் அனுப்புங்கள். காப்பாளருக்கு அச்சில் திருத்தம் தேவையில்லை, அவர் சொன்னது தவறாக வரவில்லை. நேரில் போய், அவருக்கு ஓர் அளவுகோல் முதல்வருக்கு ஓர் அளவுகோல் வைத்தோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அச்சிலும் வேண்டும் என்று அவர் கேட்டால் மட்டும் போடுங்கள்.

கடைசியாகத் துறைத்தலைவர். மாணவர் பேச்சுரிமை, மாணவர் இதழ் பற்றி அமெரிக்கப் பாடநூல்களில் வரும் 1969, 1988 தீர்ப்புகளை வைத்து இங்கே வாதாட முடியாது. காசு போட்டு அச்சடிப்பது கல்லூரி. வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள். அதனால் அச்சுக்கு முன் பார்க்கக் கேட்பதில் அத்துமீறல் இல்லை. எதற்காகப் பார்க்கிறார் என்பதுதான் பேசித் தீர்க்க வேண்டியது. ஒரு பக்கத்தில் நடைமுறை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்: அச்சுக்கு 48 மணி நேரம் முன் புரூஃப் தரப்படும், அடையாளம் வெளிப்படுவது, அவதூறு, தகவல் பிழை ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் ஆட்சேபம், அதுவும் எழுத்தில், செய்தியை நிறுத்தலாம், ஆனால் மாணவர் பெயர் போட்ட செய்தியை அவரைக் கேட்காமல் திருத்தி எழுதக் கூடாது. செய்தியில் துறைத்தலைவரே சம்பந்தப்பட்டவர் என்றால் பார்வையிடுபவர் வேறொருவர். புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் செய்தியில் அந்த நிலைமை வரலாம், முன்கூட்டியே ஆளைத் தீர்மானித்துவிடுங்கள். பேட்டி கொடுத்தவர்கள் முழுக் காப்பியையும் கேட்டால் தர வேண்டாம். அவர்கள் சொன்ன வரிகளைப் போனில் படித்துக் காட்டலாம். அதில் தகவல் தவறு என்றால் திருத்துங்கள், ‘இப்போது அப்படிச் சொல்ல விரும்பவில்லை’ என்றால் அதையும் செய்தியில் சேருங்கள்.

ஒருவேளை செய்தியை நிறுத்திவிட்டால், அந்த இடத்தை வெற்றாக விட்டு எதிர்ப்புக் காட்டும் ஆசை வரும். நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 28 அன்று, இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெற்றாக விட்டது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. உங்கள் பக்கத்தில் அது வேண்டாம். வெற்றிடத்தைப் பார்த்த மறுநிமிடம் 600 பேரும் ‘என்ன செய்தி, யாரைப் பற்றி?’ என்று தேடத் தொடங்குவார்கள். அந்தத் தேடல் போய் நிற்கும் இடம், உங்களிடம் வந்தே இராத அந்த மாணவியின் வகுப்பறை. மாற்றாக அரைப் பக்கத்துக்கு ஏதாவது ஒன்றை முன்பே தயாராக வைத்திருங்கள். அறிவிப்புப் பலகைப் படங்கள் அதற்குச் சரியாக இருக்கும்.